எழுத்துக்கு இருபது

விடிந்தால் கல்லறைத் திருநாள்.
கல்மண்டபம் மார்க்கெட்டில் பூ விலை மட்டும்
இன்றைக்கே உயிர்த்தெழுந்துவிட்டது.
சாமந்தி கிலோ இருநூற்றறுபது.
போன வாரம் எண்பதுதானே என்றால்
தனபாக்கியம் முழங்கை வரை பூவுக்குள் விட்டுக் கிளறிக்கொண்டே
"போன வாரம் உங்க ஆளுங்க யாரும் கேக்கலயேம்மா" என்கிறாள்.
நியாயம்தான்.
முக்கால் கிலோ வாங்கினேன்.
கோழிக்கொண்டை இரண்டு கட்டு, ஒன்று கொஞ்சம் வாடினது,
அதற்குப் பத்து ரூபாய் குறைத்தாள்.

மழை வருகிற மாதிரியும் இருக்கிறது
வந்து போன மாதிரியும் இருக்கிறது.
மீன் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து
செருப்புக்கும் காலுக்கும் நடுவே
சளக் சளக்கென்று கூடவே வருகிறது.

மெழுகுவத்திக் கடைக்காரரிடம் கேட்டேன்
"கடக்காத்துல நிக்குமா?"
"நின்னா நிக்கும். அணைஞ்சா ஏத்து.
அதுக்குத்தானே போறீங்க."
மூன்று பாக்கெட்.

மாமனாருக்கு ரோஜா மாலை, சின்னது.
நாத்தனாருக்கும் அதே அளவு, இல்லாவிட்டால்
வீட்டில் இருக்கிறவர்கள் பேசுவார்கள்.
மூன்று நாள் மட்டும் இருந்துவிட்டுப் போனதற்கு
ஒரு முழம் மல்லி.
அதற்குப் பேர் வைக்கவில்லை,
எழுத்துச் செலவும் இல்லை.

கடைசியில் நீ, அமலோற்பவம்.

சீட்டை எடுத்துவிட்டு
இரண்டு தவணை பாக்கி வைத்துச் செத்தவள்.
ஜாமீன் நின்றவள் நான்.
நாலாயிரம்.
குவைத்திலிருந்து உன் கிளாடியஸ்
ஐநூறு அனுப்பியிருக்கிறான்,
"ஆன்ட்டி, அம்மாவுக்கும் கொஞ்சம் பூ" என்று
குரலில் ஜலதோஷத்தோடு.
நாலாயிரம் பற்றி அவனுக்கு யார் சொல்வது.

உனக்குப் பன்னீர்ப் புகையிலை ஒரு பொட்டலம்.
கல்லறையில் தின்பண்டம் வைக்கக் கூடாதென்று
ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்தார்கள்.
இது தின்கிற பண்டமா?
துப்புகிற பண்டம்.
பூவுக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.

மார்க்கெட் வாசலில்
தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருக்கிறான் சின்னப்பன்,
கறுப்பு பெயின்ட் டப்பா, மூன்று பிரஷ்.
இப்போது காசு கொடுத்தால்
விடிகாலையில் சிலுவையில் பேர் எழுதிவிடுவான்.
எழுத்துக்கு இருபது.

உன் பேரை ஒரு அட்டையில் எழுதி எண்ணினான்.
"ஒம்போது."
"ஏழுப்பா. நானும் படிச்சவதான்."
"லோவுக்கு மூணுக்கா.
கொம்பு ஒண்ணு, ல ஒண்ணு, கால் ஒண்ணு.
பிரஷ் மூணு தடவ போவுதில்ல?
புள்ளிக்கு நான் காசு கேட்டனா?"

பையிலிருந்து சீட்டு நோட்டை எடுத்துக் காட்டினேன்.
இருபத்திரண்டு மாதம், இருபத்திரண்டு கையெழுத்து,
ஒன்றில்கூட நீ காலைப் போட்டதில்லை.
அமலேற்பவம், அமலேற்பவம்.
எத்தனை முறை சிரித்திருப்பேன்,
எங்கேடி கால், மார்க்கெட்டில் தொலைத்துவிட்டாயா என்று.

சின்னப்பன் பார்த்தான்.
"அவுங்களே இப்டித்தான் எழுதிக்கிறாங்க.
இந்தக் கால எடுத்துட்டா
இருபது ரூபா மிச்சம்."

ஸ்டான்லியில் அந்த டாக்டர் பையனும்
இதே மாதிரிதான் தொடங்கினான்,
காலை எடுத்துட்டா, என்று.
சர்க்கரை, முழங்காலுக்குக் கீழே, இடது.
நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.
பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

"போடுப்பா" என்றேன்.
"இன்னாத்த?"
"கால. நல்லா நீட்டிப் போடு."

நூற்றெண்பது.
எண்ணி வாங்கி டவுசர் பையில் வைத்துக்கொண்டான்.
மழை இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு, என்றான்.
மழை இருந்தால்?
அதற்கு மேலே பார்த்தான், நானும் பார்த்தேன்.

ஷேர் ஆட்டோவில் பூப்பையை மடியில் வைக்க முடியவில்லை,
நசுங்கும்.
பக்கத்து சீட்டில் வைத்தேன்.
"பைக்கும் சேத்துக் குடும்மா" என்றான் டிரைவர்.

கொடுத்தேன்.
அதையும் உன் பேரில்
எழுதிக்கொண்டேன்.